கூனிமலைக்கு எல்லை கட்டிய விதம்

கூட்டம் என்று ஒன்றைக் கூட்டினால், வந்தவர்களுக்கு முதலில் சாப்பாடு போட்டுவிட வேண்டும். மண்டலப் பஞ்சாயத்துத் தலைவி ஆன பிறகு நான் கற்றுக்கொண்ட முதல் பாடம் இதுதான். பசியோடு உட்கார்ந்திருப்பவர் எதைச் சொன்னாலும் எதிர்ப்பார். சாம்பார் சாதமும் மசால்வடையும் உள்ளே போன பிறகு, அதே ஆள் "மெஜாரிட்டி எப்படியோ அப்படி" என்று சுவரில் சாய்ந்துகொள்வார். நீங்களும் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்று ஸ்டேஷன் ரைட்டர் சொன்னார். ஏதாவது வாங்கிவரச் சொல்லுங்கள் சார். நான் எங்கும் போய்விட மாட்டேன். நானாகத்தானே சித்தூர்வரை பஸ் ஏறி வந்திருக்கிறேன்.

சின்னப்பன் குவாரியில் விழுந்து இறந்ததை விபத்து என்று எழுதி முடித்திருக்கிறீர்கள். அதைத் திருத்த வேண்டும். அதற்குத்தான் வந்தேன். முதலிலிருந்து சொன்னால்தான் உங்களுக்குக் குழப்பம் இருக்காது.

என் பெயர் வெங்கடம்மா. பாலசமுத்திரத்துக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டின ஊர். வீட்டில் பேசுவது தமிழ், மனு எழுதுவது தெலுங்கு, சினிமா பார்ப்பது இரண்டிலும். என் அம்மா அடுத்தவர் கொல்லையில் வேர்க்கடலைக்குக் களை எடுத்தவள். நானும் எடுத்திருக்கிறேன். என் வீட்டுக்காரர் கோவர்த்தனன் ஓசூர், பெங்களூர் என்று கல் உடைக்கப் போய்க்கொண்டிருந்தவர். நாட்டின் கதவைத் திறந்துவிட்டார்கள் என்று பேப்பரில் எழுதினார்களே, அந்த வருஷங்களில் வெளிநாட்டுக்காரர்களுக்குத் திடீரென்று எங்கள் கறுப்புக் கல்லின்மேல் ஆசை வந்தது. ஜப்பானில் இறந்தவர்களுக்கு அதில்தான் சமாதி கட்டுகிறார்களாம். யாரோ எங்கோ நிம்மதியாகக் கண்ணை மூடியதில் எங்கள் வீட்டுக் கூரை போய் மாடி வந்தது. கூனிமலையின் தெற்குக் கோடியில் ஒரு பாறையை அவர் குத்தகைக்கு எடுத்தார். அதுதான் குவாரி. எங்கள் ஊர் ஆண்களில் பாதிப் பேர் அதில் வேலை செய்தார்கள். மீதிப் பேர் திருப்பதி ஓட்டல்களிலும் மெட்ராஸ் கட்டடங்களிலும் இருந்தார்கள்.

பெண்களுக்கென்று தலைவர் பதவியை ஒதுக்கியபோது, அவரை நிறுத்த முடியாமல் என்னை நிறுத்தினார்கள். நாற்காலியில் நான், நாற்காலிக்குப் பின்னால் அவர் என்று ஊர் பேசிக்கொண்டது. உண்மையில் அவருக்குச் சேர்ந்தாற்போல் இரண்டு வாக்கியம் பேச வராது. பாறையில் எந்த இடத்தில் துளை போட வேண்டும் என்பது தெரியும். மற்றதையெல்லாம் நான் பார்த்துக்கொண்டேன்.

இந்த நிலைமையில்தான் கூனிமலையை நேஷனல் பார்க் ஆக்கப்போகிறார்கள் என்று செய்தி வந்தது. மலையில் சிறுத்தை இருக்கிறது, தேவாங்கு இருக்கிறது, வேறெங்கும் காணாத ஒரு பல்லிகூட இருக்கிறது என்று யாரோ கண்டுபிடித்திருந்தார்கள். வனத்துறையிலிருந்து ரேஞ்சர் நாகபூஷணம் வந்தார். நெல்லூர்க்காரர், நல்ல மனிதர். ஹைதராபாத்தில் மக்கள் பங்கேற்பு என்று ஒரு பயிற்சி முடித்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தார். அந்தப் பயிற்சியை முடித்தவர்கள் கொஞ்ச நாளைக்கு எதற்கெடுத்தாலும் நம்மைக் கேட்பார்கள். பிறகு தானாகச் சரியாகிவிடும். ஆனால் இவருக்கு அது இன்னும் இறங்காத நேரம். பூங்காவின் எல்லை எது, அதை நிர்வகிக்கும் குழுவில் யார் யார் என்று மண்டலமே பேசித் தீர்மானம் போட்டுக் கொடுக்கட்டும் என்றார்.

பேசினோம். கூட்டத்துக்கு மேல் கூட்டம் போட்டுப் பேசினோம்.

"பார்க்குன்னா ஊஞ்சலு, சறுக்கு மரம்லாம் வெப்பாங்களா?" என்று ஒரு உறுப்பினர் கேட்டார்.

"வெப்பாங்க. சிறுத்த ஏறி சறுக்கிக்கினு வரும், நீ கீய நின்னு புடிச்சிக்கோ," என்றார் செங்கல்வராயன். அவர் பக்கத்து ஊர்ப் பஞ்சாயத்துக்கு சர்பஞ்ச். மாந்தோப்புக்காரர். எனக்கு எதிர்க்கட்சி.

"மலைய மூடிட்டா எங்க மாடுங்க எங்க மேயும்?"

"மாட்ட வித்துட்டு டீக்கட போடுய்யா. திருப்பதி போற பஸ்ஸெல்லாம் இனிமே இங்க நின்னுதான் போவும்."

"மாட்ட வித்துட்டா டீக்குப் பாலு?"

பால் விஷயத்தை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளினோம். ஆகவே அடுத்த பொருளுக்குப் போனோம். நிர்வாகக் குழு. அதன் தலைவர் பதவி மண்டலத் தலைவிக்கே என்று நான் சொன்னேன். சட்டம் அப்படித்தான் இருக்கும் என்று எனக்குத் தோன்றியது. சிறுத்தைக்கு ஒரு துணைக்குழு, தேவாங்குக்கு ஒன்று, குரங்குக்கு ஒன்று. குரங்குக் குழுவில் சேர யாரும் முன்வரவில்லை. துணைக்குழுத் தலைவர்கள் ரேஞ்சரின் ஜீப்பில் போகலாம் என்றதும் அதற்குத்தான் பெரிய போட்டி. சிறுத்தை ஒரு ஊரில் ஆட்டைப் பிடித்து இன்னொரு ஊரில் வைத்துத் தின்றால் எந்தப் பஞ்சாயத்து பொறுப்பு என்று ஒரு பிற்பகல் முழுக்க விவாதித்தோம். மலையடிவாரத்தில் மலைக்கொட்டாய் என்று கொஞ்சம் குடிசைகள் உண்டு. அவர்களுக்கு மண்டலத்தில் உறுப்பினர் கிடையாது. அதனால் அவர்கள் தரப்பில் எதிர்ப்பு எதுவும் பதிவாகவில்லை என்று எழுதினோம். அது பொய் இல்லை.

எல்லை விஷயத்தில்தான் வண்டி நின்றுபோனது. செங்கல்வராயனின் மாந்தோப்பு வடக்கே மலைமேல் கொஞ்சம் ஏறியிருந்தது. எங்கள் குவாரி தெற்கே மலைக்குள் கொஞ்சம் இறங்கியிருந்தது. தோப்பு வெளியே, குவாரி உள்ளே என்று அவர் கோடு போட்டார். குவாரி வெளியே, தோப்பு உள்ளே என்று நான் போட்டேன். ரேஞ்சர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அம்மா, நீங்க இப்புடியே பேசிக்கினு இருந்தா மேலேர்ந்து மேப்பு வந்துடும். அதுல தோட்டமும் போவும், குவாரியும் போவும். பார்க்குக்குள்ள ஒரு கூழாங்கல்லு எடுக்கக்கூட குதரது," என்றார். முடியாது என்பதைத் தெலுங்கில் சொல்லும்போது இன்னும் முடியாததுபோல் இருக்கிறது.

குவாரி உள்ளே போனால் மூட வேண்டும். மூடினால் என் வீட்டுக்காரர் மறுபடி பெங்களூர் ரயில், நான் மறுபடி அடுத்தவர் கொல்லை. நான் காப்பாற்ற நினைத்தது அதை ஒன்றைத்தான் சார். இதை அழுத்தி எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். எனக்கு யார்மேலும் கோபம் கிடையாது.

கெங்கையம்மனை நடுவில் கொண்டுவந்தது செங்கல்வராயன்தான். நான் இல்லை.

"இன்னாத்துக்கு சண்ட? கெங்கம்மாவுக்கு மேல யாருய்யா பெரியவங்க? பொலி போற வழி எதுவோ அதான் எல்ல. உள்ள இருக்கறது மலை, வெளிய இருக்கறது ஊரு. நம்ம தாத்தன் காலத்துலேர்ந்து அதானே நடக்குது," என்றார்.

நீங்கள் கடலோரத்துக்காரர், உங்களுக்கு இது தெரிந்திருக்காது. வைகாசி மாதம் அம்மன் திருவிழாவான ஜாத்திரையில் ஆடு வெட்டி, அந்த ரத்தத்தில் சோறு பிசைவார்கள். அதற்குப் பெயர் பொலி. அந்தக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு ஒருவர், விளக்கு வைக்கிற நேரத்தில் கிளம்பி, மலையைச் சுற்றி எல்லை நெடுகச் சோற்றை இறைத்துக்கொண்டே போவார். பின்னால் பம்பைக்காரர்களும் ஊராரும் போவோம். அவர் நெற்றியிலிருந்து வேப்பிலைச் சரம் தொங்கும். தலை நிமிரக் கூடாது, திரும்பக் கூடாது. முன்னால் தீவட்டி பிடிக்கக் கூடாது. வழி காட்டுவதற்கு நெடுகக் கற்கள் வைத்துச் சுண்ணாம்பு அடித்திருக்கும். மங்கலில் அவருக்குத் தெரிவது அந்த வெள்ளை மட்டும்தான். ஒரு வெள்ளையிலிருந்து அடுத்த வெள்ளைக்கு நடப்பார். எல்லாவற்றுக்கும் மேலாக, சுற்று முடியும்வரை அவர் பெயரை யாரும் கூப்பிடக் கூடாது. அவரைத் தொடவும் கூடாது.

தலைமுறையாகப் பொலி சுமப்பது மலைக்கொட்டாய்க் குடும்பம். இப்போது சின்னப்பன்.

தெய்வம் போட்ட கோடு என்றால் யார் எதிர்ப்பது. ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. இந்த வருஷம் பொலி நடக்கும் வழியே பூங்காவின் எல்லை. பின்னாலேயே வனத்துறை நிரந்தரக் கல் நட்டுக்கொண்டு வரும். நாகபூஷணத்துக்குக் கண் கலங்கிவிட்டது. மக்கள் பங்கேற்பு என்றால் இதுதான் என்று எல்லாருக்கும் கை கொடுத்தார்.

நான் மறுநாளே மலைக்கொட்டாய்க்குப் போனேன். ஏனென்றால் பழைய வழி குவாரிக்குக் கீழே, வண்டிப்பாதை ஓரமாகப் போகிறது. அப்படிப் போனால் குவாரி உள்ளே. சின்னப்பன் குடிசை வாசலில் மூங்கில் சீவிக்கொண்டிருந்தார். அவர் மனைவி பாப்பாத்தி என் அம்மாவோடு களை எடுத்தவள். சின்ன வயதிலிருந்தே நான் அவரை நைனா என்றுதான் கூப்பிடுவேன்.

"நைனா, இந்த வாட்டி குவாரிக்கு மேல் பக்கமா போனா இன்னா?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். "நானா கண்ணு போறேன்? கல்லு எங்க கீதோ அங்க என் காலு. கெங்கம்மா கண்ண கட்டிதானே அனுப்பறா."

"பேர கூப்ட்டா இன்னா ஆவும் நைனா? நெசமாவே ஏதாச்சும் ஆவுமா?"

"பின்னாடி வர்ற பேயிங்க பேர கத்துக்கும். அப்பறம் அதுங்க கூப்புடும். திரும்பிப் பாத்தா முடிஞ்சிது. எங்க பெரியப்பன் அப்டிதான் பூட்டான்." மூங்கிலைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "பார்க்கு வந்தா எங்கள வுட்ருவாங்களா கண்ணு?"

"உங்கள யாரு நைனா தொடப்போறாங்க," என்றேன். அப்போது எனக்கும் அப்படித்தான் எண்ணம்.

கல் எங்கேயோ அங்கே கால். அவரே சொல்லிவிட்டார். நான் கேட்டு வாங்கவில்லை.

அந்த வருஷம் கற்களுக்குச் சுண்ணாம்பு அடிக்கிற பொறுப்பை மண்டலமே ஏற்றுக்கொள்ளும் என்று அறிவித்தேன். தெற்குப் பக்கம் முழுக்க என் கையாலேயே அடித்தேன். பிரசிடெண்டம்மாவே குனிந்து சுண்ணாம்பு அடிக்கிறார் பார் என்று பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். குவாரிக்கு மேலே, விளிம்பை ஒட்டி, கற்களை நகர்த்தி வைத்தேன். ஆடு விழாமல் இருக்க அங்கே ஒரு முள்வேலி போட்டிருந்தோம். பொலி போவதற்கு இடைஞ்சல் என்று அதையும் எடுத்துவிட்டேன். செங்கல்வராயன் இதைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. வடக்கே அவர் கற்கள் தோப்பைச் சுற்றிக்கொண்டு மலைமேல் ஏறியிருந்ததை நானும் பார்த்தேன். நானும் ஒன்றும் சொல்லவில்லை. நாங்கள் இருவர் மட்டும் இல்லை சார். பம்ப்செட் கொட்டகைக்காக ஒருவர், புளியமரங்களுக்காக ஒருவர், மாமனார் வைக்கோல்போருக்காக ஒருவர் என்று ஆளுக்கு நாலு கல் நகர்த்தியிருந்தார்கள். விடிந்து பார்த்தால் கெங்கையம்மன் மலை கொஞ்சம் இளைத்திருந்தது. மலைக்கொட்டாய்ப் பக்கம் மட்டும் யாரும் ஒரு கல்லையும் தொடவில்லை. அங்கே கோடு பழையபடி குடிசைகளுக்குக் கீழே போனது. ஆக, அத்தனை குடிசையும் பூங்காவுக்குள். அந்தக் கோட்டில்தான் சின்னப்பன் கண்ணில் வேப்பிலையோடு நடக்க வேண்டியிருந்தது. எனக்கு மனசு சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் அது என் பக்கத்துக் கல் இல்லை.

ஜாத்திரையன்று காலை ரேஞ்சர் வந்து கோட்டைப் பார்வையிட்டார். தன் தாளில் பென்சிலால் போட்டுக்கொண்டார். தெற்கே கோடு நேராக இருக்கிறது, அழகாக இருக்கிறது என்றார். எல்லை முடிவாகும்வரை குவாரியில் வெடி வைக்கக் கூடாது என்று முன்பே உத்தரவு போட்டிருந்தார்.

மதியம் சமையல் பந்தலில் இருந்தபோது என் வீட்டுக்காரர் வந்து ஓரமாகக் கூப்பிட்டார். முகம் சரியில்லை.

"குவாரி விளிம்புல மேல் கட்டு கொஞ்சம் எறங்கிடுச்சிமே."

"எப்டி எறங்கும்?"

"ஒரு சின்ன வெடி. கல்லு ஏத்தற கப்பலுக்கு நாள் ஆயிடுச்சேன்னு வெச்சேன்."

"எவ்ளோ எறங்கிச்சி?"

"ஒரு ஆளு தாண்டற அளவு. சுண்ணாம்பு அடிச்ச கல்லும் அதோட பூட்ச்சி. ஜாத்திரைய நாளைக்கி வெச்சிக்கலாம்னு சொல்லேன்."

யோசித்துப் பாருங்கள் சார். ஜாத்திரையைத் தள்ளிவைத்தால் ஏன் என்று கேட்பார்கள். கற்களைச் சுற்றிக் கொண்டுபோனால் காலையில் நேராக இருந்த கோடு இப்போது ஏன் வளைந்தது என்று ரேஞ்சர் கேட்பார். வெடி வைத்தது வெளியே வரும். குத்தகையே போகும். இதையெல்லாம் வீட்டுக்காரருக்கு விளக்கிக்கொண்டிருக்க நேரம் இல்லை. நீங்கள் போய்ச் சாப்பிடுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். சுண்ணாம்பு வாளியை எடுத்துக்கொண்டு மேலே போனேன். சரிசெய்ய முடிந்ததைச் சரிசெய்துவிட்டு வந்து பந்தியில் ரசம் பரிமாறினேன்.

விளக்கு வைக்கிற நேரத்தில் பொலி கிளம்பியது. தலைவி என்பதால் பம்பைக்காரர்களுக்கும் முன்னால், சின்னப்பனுக்கு அடுத்து நான். எனக்குப் பின்னால் செங்கல்வராயன், உறுப்பினர்கள், ஜீப்பிலிருந்து இறங்கிய ரேஞ்சர், கல் சுமக்கிற கூலியாட்கள், ஊர். சின்னப்பனுக்கு வயதாகிவிட்டாலும் கூடை அசையவில்லை. ஒரு வெள்ளை, ஒரு கை சோறு. அடுத்த வெள்ளை, ஒரு கை சோறு. குவாரி மேட்டில் ஏறியபோது வெளிச்சம் போய்விட்டிருந்தது. கீழே பள்ளம் இருப்பதே தெரியாதவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

அவர் அந்த இடத்தை நெருங்கியபோது கூப்பிட வாயைத் திறந்துவிட்டேன். நைனா என்று கூப்பிட்டால் அது பெயர் ஆகுமா ஆகாதா என்றுகூட ஒரு கணம் யோசித்தேன். ஆனால் வழக்கத்தில் அப்படிப் பிரித்துச் சொல்லவில்லை. முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்துக்கொண்டேன். பின்னால் வந்தவர்கள் அதைப் பக்தி என்று நினைத்திருப்பார்கள்.

அவர் காலைத் தூக்கி வைத்தார். அவ்வளவுதான். சத்தம்கூடப் பெரிதாக இல்லை.

பம்பை நின்றது. எல்லாரும் முட்டிக்கொண்டு நின்றோம். கீழேயிருந்து முனகல் வந்தது.

"எறங்குங்கய்யா, யாராச்சும் எறங்குங்க," என்று ரேஞ்சர் கத்தினார்.

"எப்டி சார் எறங்கறது? சுத்து முடியாம பொலிகாரன தொடக்கூடாதே," என்றார் ஒரு உறுப்பினர்.

"முனகறாருய்யா."

"முனகட்டும். நீ பேர சொல்லிடாத."

"பேர சொல்லாம, உசுரு கீதான்னு எப்டி கேக்கறது?"

"கேக்காத."

செங்கல்வராயன் என் பக்கம் திரும்பினார். "பிரசிடெண்டம்மா சொல்லட்டும். அவங்க இன்னா சொல்றாங்களோ அதான்." அவர் எனக்கு அத்தனை மரியாதை கொடுத்தது அதுவே முதல் தடவை.

நான் சுற்றிலும் பார்த்தேன். கூட்டம் நடத்தப் போதுமான உறுப்பினர்கள் இருந்தார்கள். அவசரக் கூட்டம் என்று அங்கேயே அறிவித்தேன். இரண்டு தரப்பாரும் பேசினார்கள். முறைப்படி எல்லாருக்கும் வாய்ப்புக் கொடுத்தேன். எல்லை பாதியில் நின்றால் ஊருக்கு ஆகாது, ஆகையால் முதலில் சுற்றை முடிப்பது, முடித்த கையோடு கீழே இறங்குவது என்று பெரும்பான்மை. ரேஞ்சர் தன் ஆட்சேபணையைப் பதிவு செய்யச் சொன்னார். பதிவு செய்தோம். பிறகு அவரும் கல் நட வந்தார். பின்னால் ஆள் சுமந்து வந்த மிச்சப் பொலிச் சோற்றை வேறு கூடையில் போட்டுச் செங்கல்வராயனே தலையில் வைத்துக்கொண்டார். தன் தோப்பு வந்தபோது இன்னும் கொஞ்சம் மலைப்பக்கம் ஒதுங்கி நடந்தார். அந்த நேரத்தில் அதைப் போய்ச் சொல்வது நன்றாக இருக்காது என்று விட்டுவிட்டேன்.

சுற்று முடிந்து, குவாரிக்கு விளக்கோடு இறங்கினோம். முனகல் இல்லை. பாப்பாத்தி எங்களுக்கு முன்னாலேயே வண்டிப்பாதை வழியாக வந்து அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தனியாக வந்தாயா என்று கேட்டேன். பம்பைச் சத்தம் நின்றதும் வந்ததாகச் சொன்னாள்.

அதற்குப் பிறகு நடந்த மண்டலக் கூட்டத்தில் பெரிய தகராறு. சின்னப்பனின் கூடை பள்ளத்தின் அடியில் கொட்டியிருந்தது. பொலிச் சோறு விழுந்த இடம் எல்லை என்றால், எல்லை குவாரியின் நடுவில் போகிறது என்றார் ஒருவர். இறைத்த சோறுதான் கணக்கு, கொட்டிய சோறு கணக்கில் சேராது என்றேன் நான். விழும்போது அவர் இறைத்துக்கொண்டே விழுந்தாரா என்று இன்னொருவர் கேட்டார். அதைப் பார்த்தவர் யாரும் இல்லை. முடிவு எட்டவில்லை. கூட்டத்தை ஒத்திவைக்கும் முன் இரங்கல் தீர்மானம் ஒன்று போட வேண்டும் அல்லவா. நானே வாசகம் சொன்னேன். கூனிமலையின் எல்லையைக் காக்க, கெங்கையம்மனே சின்னப்பனைத் தன்னிடம் அழைத்துக்கொண்டாள் என்று. அழகாக இருக்கிறது என்று எல்லாரும் சொன்னார்கள். நல்ல தெலுங்கில் எழுதி, படி எடுத்து, பாப்பாத்தியிடம் என் கையாலேயே கொடுத்தேன்.

நான் செய்த தவறு என்றால் அது ஒன்றுதான் சார். அந்த வாசகம்.

பாப்பாத்தி அவர் விழுந்த இடத்தில் ஒரு கல்லை நிறுத்தி மஞ்சள் பூசினாள். தீர்மானத்தை யாரிடமோ படிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறாள். தெய்வம் அழைத்துக்கொண்ட இடம் என்று மண்டலமே முத்திரை போட்டுக் கொடுத்திருக்கிறதே. முதலில் மலைக்கொட்டாய்க்காரர்கள் வந்தார்கள். பிறகு ஊர். பிறகு எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வேன் வைத்துக்கொண்டு வந்தார்கள். குவாரிக்குள் பொங்கல் வைக்கிறார்கள். கிரேன் கொக்கியில் தொட்டில் கட்டியிருக்கிறார்கள், பிள்ளைவரத்துக்கு. பூங்காக் குழுவுக்கு அடித்துக்கொண்டவர்கள் எல்லாரும் இப்போது கோயில் கமிட்டியில். செங்கல்வராயன் தலைவர். வழிபாட்டு இடத்தில் வெடி வைக்கக் கூடாது என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்து, குவாரி நின்றுவிட்டது. பூங்கா இன்னும் வரவில்லை. கோப்பு ஹைதராபாத்தில் இருக்கிறதாம். என் வீட்டுக்காரர் காலையில் எழுந்து குவாரிவரை போய், செருப்பைக் கழற்றிவிட்டு நின்றுவிட்டுத் திரும்பி வருகிறார். வேலையில்லாமல் ஊரே மெட்ராஸுக்குப் போய்க்கொண்டிருக்கிறது.

போன வாரம் பாப்பாத்தியைப் போய்ப் பார்த்தேன். தன்மையாகத்தான் பேசினேன்.

"பாப்பாத்திம்மா, இந்தக் கல்ல மேட்டுக்கு மாத்திக்கலாமே. நானே மேட கட்டித் தர்றேன்."

அவள் கல்லுக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை. "நீதானேமா எய்தி குடுத்த, கெங்கம்மா இட்டுகினு பூட்டான்னு. அவ இட்டுகினு போன எடத்த நான் எப்டி மாத்தறது?"

"அது ஒரு மரியாதைக்கு எழுதறதும்மா."

அப்போதுதான் திரும்பினாள். "அப்டின்னா யாரு இட்டுகினு போனது?"

நியாயமான கேள்வி. வீட்டுக்கு வந்து சாப்பிடும்போதும் அதையே யோசித்தேன். கெங்கையம்மன் அழைத்துக்கொள்ளவில்லை என்று ஆகிவிட்டால், அது கோயில் இல்லை. கோயில் இல்லையென்றால் உத்தரவு நிற்காது. உத்தரவு நிற்காவிட்டால் குவாரி ஓடும். நாற்காலியில் இருக்கிற நான் ஜெயிலில் இருப்பேன், அது வேறு விஷயம். என் வீட்டுக்காரருக்குத் துளை போடத் தெரியும், பிழைத்துக்கொள்வார். ஊரும் பிழைக்கும். ஆகையால் தெய்வத்தின்மேல் எழுதியதை என்மேல் மாற்றி எழுதிக்கொள்ளுங்கள் என்று கேட்க வந்தேன்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். குவாரியைத் திறக்க நான் கதை கட்டுகிறேன் என்று நினைக்கிறீர்கள். மேல் கட்டு இறங்கியது வெடியால், அவர் விழுந்தது இருட்டால், பேர் சொல்லாமல் நின்றது ஊர் வழக்கத்தால். இதில் நீ செய்தது எது அம்மா என்று கேட்கிறீர்கள். படித்தவர் அல்லவா, சரியான இடத்தில் கேட்கிறீர்கள்.

வெடியில் விளிம்போடு கற்களும் போயின என்று சொன்னேனே. அப்படியே விட்டிருந்தால் கடைசி வெள்ளையோடு வரிசை அறுந்துபோயிருக்கும். சின்னப்பன் வெள்ளை இல்லாமல் ஒரு அடி எடுத்து வைக்க மாட்டார். அங்கேயே நின்றிருப்பார். நான் வாளியோடு மேலே போனபோது, பள்ளத்துக்கு எதிர்ப்பக்கம், நேர் எதிரே, பெரிய கல் ஒன்றைப் புரட்டி வைத்து, இருட்டில் பளிச்சென்று தெரியும்படி இரண்டு பூச்சு சுண்ணாம்பு அடித்தேன். உங்களுக்கு நம்பிக்கை வராவிட்டால் போய்ப் பாருங்கள். மற்ற கற்களுக்கெல்லாம் ஒரு பூச்சுதான், மழையில் கரைந்துவிட்டது. அது மட்டும் இன்னும் வெள்ளையாக நிற்கிறது.

அவர் பாதியில் நின்றிருந்தால் அந்தச் சுற்றே செல்லாமல் போயிருக்கும் சார், மறுபடி முதலிலிருந்து நடக்க வேண்டி வந்திருக்கும். அந்த வயதில் அவரை இன்னொரு தரம் மலையைச் சுற்ற வைப்பது பாவம் இல்லையா?